கான்கிரீட் ஊற்றும் முன்பே வைக்க வேண்டிய ஓட்டைகள்

என் மேசைமேல் ஒரு கான்கிரீட் உருளை இருக்கிறது. சின்னச் சொம்பு அளவு அகலம், ஒரு சாண் உயரம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பழைய மருத்துவமனையின் இரண்டாம் மாடித் தளத்திலிருந்து வெட்டி எடுத்தது. அதன் பக்கவாட்டில் இரண்டு கம்பிகள் துண்டுபட்டு, வெட்டுமுகம் புதுக் காசு போல மின்னும். அந்த இரண்டு கம்பிகளையும் வெட்டியிருக்கவே கூடாது.

பெரிய வார்டு ஒன்றைத் தனி அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் கழிவறை வைக்கும் வேலை அது. கழிவறை வந்தால் கழிவுக்குழாய் தளத்தைத் துளைத்துக் கீழே இறங்க வேண்டும். தூணை ஒட்டி இறங்குவதாக வரைபடத்தில் போட்டிருந்தது. வெட்டும் மிஷினைத் தரையில் பொருத்திக்கொண்டிருந்தபோது பிளம்பிங் மேஸ்திரி வந்து நின்றார். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர், அறுபதை நெருங்கியவர்.

"தம்பி, தூணுக்கு இவ்வளவு கிட்டவா ஓட்டை போடுறது? இன்ஜினியர்கிட்ட கேட்டீங்களா?"

"டிராயிங்ல இருக்கு அண்ணே."

டிராயிங்கில் இருந்தது உண்மைதான். ஆனால் அது குழாய்ப் பொறியாளரின் டிராயிங். கட்டமைப்புப் பொறியாளர் அதைப் பார்த்ததே இல்லை. துளை போட்டு முடித்த பிறகுதான் அவருக்குச் செய்தி போனது. அன்று மாலையே கீழ்த்தள வார்டில் இருந்தவர்களைக் கட்டிலோடு நகர்த்தினோம். தளத்துக்கு இரும்பு முட்டுக் கொடுத்தோம். தூணைச் சுற்றி எஃகுத் தகடு வைத்துப் பலப்படுத்தி முடிக்கப் பல வாரங்கள் ஆயின. நகர்த்தப்பட்ட பாட்டி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா, கூரை விழுந்துடுமா?" என்று கேட்டார். இல்லை பாட்டி என்று சொன்னேன். அந்த நிமிடம் எனக்கே அது உறுதியாகத் தெரியாது.

மருத்துவமனைக் கட்டடம் என்றால் தூணும் தளமும் சுவரும் ஒரு பக்கம். தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், குளிர்காற்று, ஆக்ஸிஜன், தீயணைப்புக் குழாய் எல்லாம் இன்னொரு பக்கம். இரண்டையும் தனித்தனி ஆட்கள் தனித்தனி அலுவலகங்களில் வரைகிறார்கள். சாதாரண அலுவலகக் கட்டடத்தில் இதை எப்படியோ சமாளித்துவிடலாம். மருத்துவமனையில் சமாளிக்க முடியாது, ஏனென்றால் அங்கே குழாய் நின்றால் மூச்சு நிற்கும். தூண்களை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும் முதல் கூட்டத்திலேயே குழாய்க்காரரும் காற்றுக்காரரும் மின்சாரக்காரரும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. மற்றதெல்லாம் அதற்கான காரணங்கள்.

அந்த இரண்டு கம்பிகள் ஏன் அவ்வளவு முக்கியம்? ஈரமான வாழை இலையை ஒரு குச்சி முனையில் நிறுத்திப் பாருங்கள். இலை வளைவதற்கு முன்பே குச்சி அதைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். பீம் இல்லாத தட்டைத் தளமும் அப்படித்தான். மாடி முழுவதன் பாரமும் தூணின் தலைக்கு வந்து சேருகிற இடத்தில், தூண் தளத்தைக் குத்திக்கொண்டு வெளிவரப் பார்க்கும். அதைத் தடுப்பது தூணைச் சுற்றி ஏறக்குறைய ஒரு முழ தூரத்தில் இருக்கும் கான்கிரீட்டும் கம்பியும்தான். தளத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

குழாய்க்காரருக்குப் பிடித்த இடமும் அதேதான். தூண் பக்கத்தில் எப்படியும் ஒரு மூலை வீணாகக் கிடக்கும். குழாயை அங்கே இறக்கிப் பலகை வைத்து மூடினால் அறை கெடாது, கண்ணுக்கும் தெரியாது. அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது, கட்டமைப்புப் பொறியாளர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. முன்கூட்டியே பேசினால் தூணிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நாலு பக்கமும் கூடுதல் கம்பி கட்டி, குழாய்கள் மாடிக்கு மாடி இறங்க ஒழுங்கான ஒரு செங்குத்து வழி, அதாவது ஷாஃப்ட், விடலாம். பேசாவிட்டால் மிஷின்தான் முடிவெடுக்கும்.

தென்னாப்பிரிக்காவில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே பெரிய கட்டடங்களில் இழுவிசை ஏற்றிய தளம் பரவலாகப் போடுகிறார்கள். கான்கிரீட் இறுகிய பிறகு உள்ளே ஓடும் எஃகுக் கயிறுகளை ஜாக்கி வைத்து இழுத்துப் பூட்டிவிடுவது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு கயிற்றில் சுமார் 20 டன் இழுவை நிற்கும். தளம் மெலிதாகும், தூண்களுக்கு இடையே தூரம் கூடும், செலவு குறையும். நல்ல முறைதான். ஆனால் நாளைக்கு அங்கே ஒரு குழாய் இறக்க வேண்டுமென்றால் ரேடார் கருவியால் தளத்தைத் தடவிப் பார்த்து, கயிறு எங்கே ஓடுகிறது என்று கோடு போட்ட பிறகுதான் மிஷினைத் தொடலாம். தப்பித்தவறிக் கயிறு அறுந்தால் அந்தத் தளம் தன் பலத்தில் ஒரு பங்கை அங்கேயே இழக்கும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. மருத்துவமனையில் இப்படித் தளம் போடுகிறவர்கள், வருங்காலத்துக்கென்று கயிறு ஓடாத பட்டைகளை ஆங்காங்கே விட்டு, அவற்றைத் தரையிலேயே நிரந்தரமாகக் குறித்து வைக்க வேண்டும். காகிதத்தில் மட்டும் குறித்தால் இருபது வருடத்தில் காகிதம் காணாமல் போய்விடும். வரைபட அறையில் கரையான் அரித்த சுருள்களை நானே எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஓட்டையை விட்டுவிட்டு மேலே பார்ப்போம். மருத்துவமனை நடைபாதையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. ஒரு மாடித் தளத்துக்கும் அடுத்த மாடித் தளத்துக்கும் 4.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதையின் உயரம் 2.7 மீட்டர். தளத்தின் கனம் கால் மீட்டர். மிச்சம் 1.25 மீட்டர். கேட்கத் தாராளமாகத் தெரியும். அதற்குள் 60 சென்டிமீட்டர் பீம் ஒன்று தளத்துக்குக் கீழே தொங்கினால் பீமுக்கு அடியில் 65 சென்டிமீட்டர்தான். அந்த இடத்தில்தான் குளிர்காற்று செல்லும் பெருங்குழாயான டக்ட், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்திலிருந்து வரும் குளிர்நீர்க் குழாய்கள், கேபிள் தட்டுகள், மருத்துவ வாயுக் குழாய்கள், தீயணைப்புக் குழாய், நர்ஸை அழைக்கும் மணிக்கான கம்பி, மேல்மாடிக் கழிவறைகளின் கழிவுக்குழாய் எல்லாம் போக வேண்டும். டர்பன் மாதிரிப் புழுக்கமான ஊரில் குளிர்நீர்க் குழாயைத் தடிமனான உறையால் மூடாவிட்டால் வேர்த்துச் சொட்டும். அதனால் 10 சென்டிமீட்டர் குழாய் 20 சென்டிமீட்டர் இடம் கேட்கும்.

இந்தக் கூட்டத்தில் யாருக்கு முதல் இடம்? எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் ஒரே பதில்தான், வாட்டம் (சரிவு) வேண்டிய குழாய்க்கு. காற்று வளைந்து போகும், கேபிள் எங்கேயும் நெளிந்து போகும், அழுத்தத்தில் ஓடும் நல்ல தண்ணீர் மேலே ஏறிக்கூடப் போகும். கழிவுநீர் போகாது. 60-க்கு 1 வாட்டம் என்றால் 18 மீட்டர் தூரத்தில் குழாய் 30 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். அந்த 30 சென்டிமீட்டரை யாரும் பேரம் பேசிக் குறைக்க முடியாது. குறைத்தால் குழாய் அடைக்கும். அடைத்த குழாயைத் திறக்க நோயாளிகள் இருக்கும் வார்டின் சீலிங்கைப் பிரிக்க வேண்டும். அதனால்தான் கழிவுக்குழாயைக் குறுக்கே நெடுந்தூரம் ஓடவிடாமல், மாடிக்கு மாடி கழிவறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நேராக இறக்கச் சொல்கிறோம். அப்படி அடுக்கினால் கட்டமைப்புப் பொறியாளருக்கும் எல்லா மாடியிலும் ஒரே இடத்தில் ஓட்டை விட்டால் போதும். ஆபரேஷன் தியேட்டருக்கு மேலே கழிவறை வரவே கூடாது என்ற விதியும் இந்த அடுக்கில்தான் காப்பாற்றப்படும்.

பீமைத் துளைத்துப் போகலாமே என்பார்கள். போகலாம், இடம் தெரிந்து போனால். பீமின் உயரத்தை மூன்றாகப் பிரித்தால் நடுப் பங்கில், தாங்கும் தூணிலிருந்து நன்றாகத் தள்ளி, வட்டமாக ஒரு துளை விட்டால் பீம் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அடிப்பங்கில் இருக்கும் கம்பிகள் இழுவையைத் தாங்குபவை. மேல்பங்கு அழுத்தத்தைத் தாங்குவது. தூணுக்குப் பக்கத்தில் பீமை வெட்டப் பார்க்கும் விசை அதிகம். ஆனால் இதைச் சென்ட்ரிங் அடிக்கும்போதே குழாய்த் துண்டு வைத்துச் செய்ய வேண்டும். அந்தத் துண்டைத்தான் நாங்கள் ஸ்லீவ் என்கிறோம். ஒரு ஸ்லீவின் விலை மிகச் சொற்பம். ஊற்றிய பிறகு அதே துளைக்கு ஆகும் செலவு எத்தனை மடங்கு என்று என் மேசைமேல் இருக்கும் உருளையைக் கேட்டால் சொல்லும்.

ஆபரேஷன் தியேட்டரின் கணக்கைப் பாருங்கள். 6-க்கு 6 மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம், 108 கன மீட்டர் காற்று. மணிக்கு 20 தடவை அந்தக் காற்று முழுக்க மாற வேண்டும் என்றால் 2,160 கன மீட்டர், அதாவது விநாடிக்கு 600 லிட்டர். சத்தமில்லாமல் கொண்டுவர 40-க்கு 30 சென்டிமீட்டர் டக்ட் வேண்டும். திரும்பிப் போகவும் ஏறக்குறைய அதே அளவு வேண்டும். மேஜைக்கு மேலே வடிகட்டிப் பெட்டி, அதன் நடுவிலிருந்து தொங்கும் விளக்குக் கைகள், வாயுவும் மின்சாரமும் கொண்டுவரும் தொங்குகம்பம். இந்தக் கம்பத்தை மருத்துவர் நாலாபுறமும் இழுப்பார். அதன் அடித்தட்டு ஃபால்ஸ் சீலிங்கில் அல்ல, கான்கிரீட் தளத்தில் பூட்டியிருக்க வேண்டும். சரியாக அந்த இடத்தில் டக்ட் ஓடினால்? இரண்டில் ஒன்று நகர வேண்டும், நகரக்கூடியது டக்ட்தான். அப்புறம், தியேட்டரின் சீலிங்கில் திறக்கும் பலகை வைக்கக் கூடாது, தூசி விழும். ஆகவே வால்வுகளும், டக்டுக்குள் காற்றை அடைத்துத் திறக்கும் டேம்பர்களும் வெளியே நடைபாதைப் பக்கம் வர வேண்டும். ஓர் அறைக்குள் இவ்வளவு இருக்கிறது.

இதற்கெல்லாம் அடியில் இருக்கும் பெரிய விஷயம் ஆயுள். கான்கிரீட் கட்டடம் ஐம்பது, அறுபது வருடம் நிற்கும். குழாயும் கேபிளும் இருபத்தைந்து, முப்பது. சில்லர் இருபது. ஸ்கேனர் பத்து. ஒரே கட்டடத்துக்குள் நாலு தலைமுறைகள் சேர்ந்து குடியிருக்கின்றன. சாட்ஸ்வொர்த்தில் நம் மக்களில் எத்தனையோ பேர் பிறந்த ஆர். கே. கான் மருத்துவமனை 1969-ல் திறக்கப்பட்டது. உலகிலேயே முதல் நோயாளியை சி.டி. ஸ்கேனில் படுக்கவைத்தது 1971-ல். அந்த மருத்துவமனையை வரைந்தவர்கள் ஸ்கேனருக்கு இடம் விடவில்லை என்று யாராவது குறை சொல்ல முடியுமா? இல்லாத ஒன்றுக்கு எப்படி இடம் விடுவது? முடியும், ஒரு வகையில். என்ன வரும் என்று தெரியாது, ஆனால் ஏதோ வரும் என்று தெரியும் அல்லவா. ஷாஃப்டில் கால் பங்கு காலியாக விடுவது, தளத்தின் சில பகுதிகளைக் கூடுதல் பாரத்துக்கு வடிவமைப்பது, சுவர்களைப் பாரம் தாங்காதவையாக வைப்பது என்று.

இந்த எண்ணத்தை எல்லைவரை கொண்டுபோனவர்கள் உண்டு. லூயிஸ் கான் வடிவமைத்த கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் 1960-களிலேயே ஒவ்வோர் ஆய்வுத் தளத்துக்கும் மேலே ஆள் நடமாடும் உயரத்தில் குழாய்களுக்கென்றே ஒரு தளம் வைத்தார்கள். கனடாவில் ஹாமில்டன் நகரின் மெக்மாஸ்டர் மருத்துவமனை, 1972-ல் திறந்தது, அதே முறை. அங்கே பழுதுபார்ப்பவர் வார்டுக்குள் வராமலேயே மேலே நடந்துபோய் வால்வை மாற்றிவிடலாம். நோயாளிக்குத் தெரியவே தெரியாது. குறை என்னவென்றால் கட்டடத்தின் உயரமும் செலவும் கூடிவிடும். நம் க்வாஸுலு நட்டால் மாகாணத்தில் முழுக் கட்டடத்துக்கும் அதைக் கேட்பது நடக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தியேட்டர்களுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் நேர் மேலே ஒரு இயந்திரத் தளம் வைப்பதை யாரும் ஆடம்பரம் என்று சொல்லக் கூடாது.

டர்பனின் கேட்டோ மேனரில் 846 படுக்கைகளோடு 2002-ல் செயல்படத் தொடங்கிய இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனையில் வேறொரு வழியைப் பிடித்தார்கள். கருவிகளைக் கொடுப்பது, பராமரிப்பது, காலம் முடிந்ததும் மாற்றுவது எல்லாவற்றையும் சேர்த்துத் தனியார் கூட்டமைப்பு ஒன்றோடு 15 வருட ஒப்பந்தம் போட்டார்கள். அந்த ஒப்பந்தம் லாபமா நஷ்டமா என்ற விவாதம் தனி. கருவி ஒருநாள் மாறும் என்பதை முதல் நாளே காகிதத்தில் எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பாரமான அறைகளைப் பற்றிக் கொஞ்சம். எம்.ஆர்.ஐ. காந்தம் ஐந்து டன் அளவுக்கு வரும், அதைவிடக் கனத்தவையும் உண்டு. கட்டடத்துக்குள் கொண்டுபோகும் வழி முழுவதும் தளம் அதைத் தாங்க வேண்டும். ஒரு நாள் அதை வெளியே எடுக்கவும் வேண்டும், ஆகவே வெளிச்சுவரில் கழற்றி மாட்டக்கூடிய பகுதி ஒன்று தேவை. காந்தத்தைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் திடீரென்று ஆவியானால் 700 மடங்குக்கு மேல் விரியும். அதை வெளியேற்றும் குழாய் அதிக வளைவில்லாமல் நேரே வெட்டவெளிக்குப் போக வேண்டும். பீம் குறுக்கே வந்ததால் வளைத்தோம் என்று இந்தக் குழாயில் சொல்ல முடியாது. புற்றுநோய்க் கதிர்வீச்சு அறையோ இன்னும் பிடிவாதமானது. கதிர் நேராகப் படும் சுவர் இரண்டு மீட்டருக்கு மேல் கனமான கான்கிரீட். நாலு மீட்டர் உயரத்தில் அந்தச் சுவரின் ஒரு மீட்டர் நீளமே ஏறக்குறைய 20 டன். அதில் ஒரு நேர் துளை விட்டால் கதிர் வெளியே கசியும். அதனால் டக்டும் கேபிளும் அறையின் வளைந்த நுழைவழி வழியாகக் கதவுக்கு மேலே போகும், அல்லது சாய்வாகத் துளைத்துப் போகும். இங்கே கான்கிரீட்தான் மருத்துவக் கருவி.

இனி நம் ஊருக்கே உரிய கஷ்டம். லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு, என்ற சொல்லை டர்பனில் குழந்தைகள்கூடச் சொல்லும். 2008 வாக்கில் தொடங்கி, 2023-ல் உச்சத்துக்குப் போனது. அதோடு 2022 ஏப்ரல் வெள்ளம். ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, 400-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். டோங்காட்டின் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, நம் மக்கள் பரவலாக வாழும் அந்த ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் லாரிக்குக் காத்து நின்றது. மின்சாரமும் தண்ணீரும் வெளியிலிருந்து வரும் என்று நம்பி மருத்துவமனை கட்ட முடியாது என்பது அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சேமித்து வைப்பதென்றால் பாரம். 500 படுக்கைக்குப் படுக்கைக்கு ஒரு நாளைக்கு 500 லிட்டர் என்று எடுத்துக்கொண்டால் 2,50,000 லிட்டர். இரண்டு நாளுக்கு 5,00,000 லிட்டர், அதாவது 500 டன். மொட்டைமாடியில் வைத்தால் பம்ப் நின்றாலும் தண்ணீர் தானாக இறங்கும், ஆனால் அத்தனை மாடித் தூண்களும் அந்த 500 டன்னைச் சுமக்க வேண்டும். தரைக்கடியில் வைத்தால் தூணுக்குப் பாரமில்லை, ஆனால் மின்சாரம் இல்லாமல் தண்ணீர் மேலே ஏறாது. பெரிய தொட்டி கீழே, அரை நாளுக்கான சின்னத் தொட்டி மேலே என்பதுதான் நான் பார்த்தவரை சரிப்படும் ஏற்பாடு. அந்தச் சின்னத் தொட்டியே 125 டன். இதைக் கட்டி முடித்த கட்டடத்தின்மேல் ஏற்ற முடியாது.

ஜெனரேட்டர் கதையும் இதுதான். 2012-ல் நியூயார்க்கை சாண்டி புயல் தாக்கியபோது பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் 13-ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு டீசல் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் வெள்ளத்தில் மூழ்கின. ஊழியர்கள் மாடிப்படிகளில் வரிசையாக நின்று டீசலைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். கடைசியில் மருத்துவமனையைக் காலி செய்ய வேண்டி வந்தது. கனமான இயந்திரத்தை 13-ஆம் மாடியில் வைக்கக் கட்டமைப்புப் பொறியாளர் என்ன பாடுபட்டிருப்பார்! ஒரு பம்ப் கீழே இருந்ததால் எல்லாம் நின்றது. டர்பனின் மேடு பள்ளங்களில் கட்டுகிறவர்கள் இதை ஒவ்வொரு முறையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஜெனரேட்டர், டீசல் தொட்டி, பம்ப், மின்பலகை, அவற்றை இணைக்கும் கேபிள், இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியும் வெள்ள மட்டத்துக்குக் கீழே இருக்கக் கூடாது.

மின்சாரம் போனால் காற்றும் நிற்கும். க்வாஸுலு நட்டாலில் காற்றைப் பற்றிப் பேசும்போது டுகேலா ஃபெரி என்ற ஊரை மறக்க முடியாது. 2005-06-ல் அங்கே மருந்துகளுக்கு அடங்காத காசநோய் 53 பேரிடம் கண்டறியப்பட்டது, 52 பேர் இறந்தார்கள். மருத்துவமனைக்குள்ளேயே நோய் பரவியிருக்கும் என்ற சந்தேகம் வலுவாக எழுந்தது. பெரு நாட்டின் லிமாவில் எட்டு மருத்துவமனைகளில் 70 அறைகளை அளந்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்குப் பாடமாக இருக்கிறது. உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களில் ஜன்னலைத் திறந்தால் மணிக்கு 40 தடவை காற்று மாறியது. ஜன்னல் வைத்த புதுக் கட்டடங்களில் 17. இயந்திரக் காற்றோட்டம் வைத்த அறைகளில் 12. எல்லா அறைக்கும் ஜன்னல் போதாது, தியேட்டருக்கு நிச்சயம் போதாது. ஆனால் காசநோய் வார்டுக்கும் வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கும் கட்டடத்தின் உயரமும் திறப்புமே காற்றோட்ட இயந்திரம். அது லோட் ஷெட்டிங்கில் நிற்காது. பீமை ஜன்னல் பக்கம் ஆழமாக இறக்காமல் உள்பக்கம் திருப்பினால் ஜன்னலை உயர்த்தலாம். இதையும் அந்த முதல் கூட்டத்தில்தான் பேச முடியும்.

கடைசியாக ஓட்டைகளை மூடும் வேலை. தளத்திலும் சுவரிலும் விட்ட ஒவ்வொரு துளையும் தீக்கும் புகைக்கும் வாசல். குழாய் போன பிறகு மிச்சமிருக்கும் இடைவெளியைத் தீ தாங்கும் பூச்சால் அடைக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயாக இருந்தால், சூட்டில் உப்பிக் குழாயை நெரித்து மூடும் வளையம் போட வேண்டும். 2021 ஏப்ரலில் ஜோஹானஸ்பர்கின் சார்லட் மக்செகே மருத்துவமனையில் தீப்பிடித்து எழுநூறு நோயாளிகள் அளவுக்கு வெளியேற்றினார்கள், வாகன நிறுத்துமிடத்தின் ஒரு பகுதி இடிந்தது. தீயணைப்பு வண்டியின் குழாய் அங்கிருந்த தண்ணீர்க் குழாய் வாய்களில் பொருந்தவில்லை என்று அப்போது செய்தி வந்தது. தண்ணீர் இருக்கிறது, வண்டி இருக்கிறது, இரண்டையும் சேர்க்கும் வாய் பொருந்தவில்லை. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த மேஸ்திரி இப்போதும் எங்களோடு வேலை செய்கிறார். போன வாரம் புது வார்டு கட்டடத்தின் முதல் தளத்துக்குக் கான்கிரீட் லாரி வரும் முன் காலை ஐந்தரை மணிக்கு இருவரும் கம்பி வலைமேல் நடந்தோம். அவர் கையில் குழாய் வரைபடம், என் கையில் கம்பி வரைபடம். ஒவ்வொரு ஸ்லீவையும் குனிந்து தொட்டு எண்ணினார். ஒன்று குறைந்தது. லாரியை முக்கால் மணி நேரம் வாசலில் நிறுத்தி வைத்து, அதைத் தேடி எடுத்துக் கட்டிவிட்டுத்தான் ஊற்றச் சொன்னோம்.